முடிச்சு நுழையும் வழி

குமாரபாளையத்தில் தறி நெய்பவரைக் கேட்டால் சொல்லுவார்: நூல் அச்சின் பற்களூடே தடையின்றி ஓடும், முடிச்சு தடித்திருந்தாலோ அங்கே சிக்கி இழை அறுந்துவிடும். நம் சரீரத்திலும் இதே சங்கடம் உண்டு.

விரலில் முள் தைத்ததும் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரின் இடுக்கு வழியே வெளியேறி அவ்விடத்துக்கு விரைகின்றன. ஜீவ அணுவின் உடல் கூழ் போன்றது. எங்கும் நெளிந்து புகும். நடுவிலுள்ள உட்கருதான் முடிச்சு. பரம்பரைக் குணங்களைக் காக்கும் அப்பெட்டகத்தின் உறையை ‘லாமின்’ என்னும் புரத இழைகள் விறைப்பாக வைத்திருக்கின்றன. வெள்ளை அணுக்களுள் பெருந்தொகையான நியூட்ரோபில்களுக்கு இயற்கை சலுகை காட்டியிருக்கிறது. அவற்றில் ஒருவகை லாமின் மிகக் குறைவு. உட்கருவும் மணி கோத்தாற்போல் பிரிந்திருப்பதால் எளிதில் நழுவுகிறது.

ஏனைய அணுக்கள் என் செய்யும்? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே அகலமுள்ள இடுக்கில் உந்தி நுழைகையில் உறை கிழிவதும் உண்டு. அக்கிழிசலை அணு தானே தைத்துக்கொள்கிறதென்று 2016-ல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தவர்கள் வெளியிட்டார்கள். தைப்பதற்குள் உள்ளிருக்கும் டி.என்.ஏ. இழை சேதமுறுவதும் உண்டு.

புற்றுநோய் அணுக்களும் இப்படியே இடுக்குகளில் புகுந்து பரவுகின்றன. தையல் வித்தை அவற்றுக்கும் தெரியும். அந்த ஊசியைப் பறித்தால் அவை மடியுமல்லவா? ஆனால் நம்மைக் காக்கும் அணுக்களின் கையிலும் அதே ஊசிதான் இருக்கிறது!