எலியின் குருதி தரும் சான்று

புற்றுநோய் இருக்கக்கூடும் எனக் குருதியிலிருந்தே உணர்த்தும் பொருளை உயிரியல் குறிப்பான் என்பர். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் அவற்றுள் ஒன்று. எலிக்கோ அப்புரதத்திற்குரிய மரபணுவே இல்லை! ஆகவே, நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய எலியின் உடலில் மனிதப் புற்றுச் செல்களைச் செலுத்தி ஆராய்கின்றனர். கட்டி வளர வளர எலியின் குருதியில் பி.எஸ்.ஏ. மிகுகிறது. மனிதரிடமோ, புற்று இன்றிச் சுரப்பி வெறுமனே பருத்தாலும் அழற்சியுற்றாலும் அது மிகும். அந்தக் குழப்பம் எலியிடம் இல்லை. அதனாலேயே அதன் சான்று தெளிவாகத் தோன்றுகிறது. அத்தெளிவை மட்டும் நம்பி விரைந்தால், புற்றுநோய் இல்லாதவரும் ஊசியால் திசு எடுக்கும் சோதனைக்கு உள்ளாவார். விலங்காய்வே வேண்டா என்பதன்று என் கருத்து. நோயற்ற மனிதர் பலரின் குருதியிலும் ஆராய்ந்த பின்னரே ஒரு குறிப்பானை மருத்துவமனைக்குக் கொண்டுவருதல் வேண்டும்.