சூரியன் மங்கியதா, கருவி மங்கியதா? புற ஊதாக் கதிர்களை அளப்பதில் என்ன சிக்கல்?

சூரியன் அனுப்பும் ஆற்றலில் புற ஊதாக் கதிர்களின் பங்கு சுமார் 8 சதவீதம். அவ்வளவுதானே என்று தோணலாம். ஆனால், வளிமண்டலத்தில் ஓசோனை உருவாக்குவதே இந்தக் கதிர்கள்தான். 11 ஆண்டு சுழற்சியில் சூரியனின் மொத்த ஆற்றல் சுமார் 0.1 சதவீதம்தான் மாறும். புற ஊதாவில் அதைவிடப் பல மடங்கு மாறும்.

ஏன் விண்வெளிக்குப் போகணும்?

300 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளக் கதிர்களை வளிமண்டலமே உறிஞ்சிவிடும். அவற்றைத் தரையில் இருந்து அளக்க வழியில்லை.

சிக்கல் எங்கே?

செல்போன் கேமரா லென்ஸில் விரல் ரேகை படிந்தால் போட்டோ மங்கலாக வரும் இல்லையா? இங்கேயும் அதே கதை. செயற்கைக்கோளின் பாகங்களில் இருந்து கசியும் ஆவி கண்ணாடியில் படியும். புற ஊதாக் கதிர் பட்டு அது கருத்த படலமாக மாறும். அளவு குறைந்தால், மாறியது சூரியனா, கண்ணாடியா?

2003-ல் நாசா ஏவிய 'சோர்ஸ்' செயற்கைக்கோளில் இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது. 2004 முதல் 2007 வரை புற ஊதா குறைந்த அளவு, எதிர்பார்த்ததைப் போல 4 முதல் 6 மடங்கு என்று ஜோனா ஹெய்க் குழு 2010-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. அது சரியென்றால், பருவநிலையில் சூரியனின் பங்கை மறுபடி கணக்குப் போட வேண்டும். பிற கருவிகளின் தரவோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் பலர், அந்தச் சரிவில் ஒரு பகுதி கருவியின் தேய்மானமாக இருக்கலாம் என்றார்கள்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒரு கருவியைத் தினமும் பயன்படுத்தி, அதன் இரட்டையை மூடிவைத்து எப்போதாவது திறந்து ஒப்பிடுவது ஒரு வழி. சோர்ஸில் இரண்டு இருந்தும் சந்தேகம் தீரவில்லை. அதனால், 2017 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன 'டிசிஸ்-1'-ல் மூன்று தடங்கள் வைத்தார்கள். எளிதில் மாறாத நீல விண்மீன்களைப் பார்த்துச் சரிபார்ப்பது இன்னொரு வழி.

இந்தியா?

2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1-ல் உள்ள 'சூட்' தொலைநோக்கி, 200 முதல் 400 நானோமீட்டர் வரை 11 வடிகட்டிகள் மூலம் சூரியனைப் படமெடுக்கிறது. மொத்த அளவு மட்டுமல்ல, சூரியனின் எந்தப் பகுதியில் மாற்றம் என்பதும் தெரியவரும்.

நமக்கென்ன?

'பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம்' என்ற வாதம் இன்னும் சுற்றுகிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் எடுத்த அளவுகளில் சூரியனின் மொத்த ஆற்றல் கூடிக்கொண்டே போனதாகத் தெரியவில்லை. அந்தப் பதிலை நம்பலாமா என்பது, கருவியின் தேய்மானத்தை எவ்வளவு கவனமாகக் கழிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.