நகரும் சாமான் வாங்குங்கள்

பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாமல் அடுக்குமாடிக்குப் போகிற வயதானவர்கள் நம் புதுச்சேரியில் கூடிக்கொண்டே வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் குடிபோகும் முன்பே சேமிப்பில் பாதியை ‘இன்டீரியர்’ காரர்களிடம் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஃபிளாட் 620 சதுர அடி என்று சொல்லித்தான் விற்றார்கள். மாடிப்படி, லிஃப்ட் பங்கையெல்லாம் கழித்தால் நாம் புழங்க மிஞ்சுவது 450. (2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தில் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான விளக்கம் உண்டு, வாங்கப் போகிறவர்கள் அதைக் கேளுங்கள்.) அந்த 450-க்குச் சுவர் முழுக்க அலமாரி, டி.வி.க்குப் பின்னால் ஒரு பலகை, ஃபால்ஸ் சீலிங் என்று நாலு லட்சம் கணக்குக் கொடுத்தார்கள். “இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தாம்ப்பா செய்யறாங்க” என்றான் மகன். “அந்த எல்லாரும் அந்தத் தாழ்வான சோபாவிலிருந்து தானா எழுந்திருக்கிறார்களா, கேட்டுச் சொல்” என்றேன்.

பிரெஞ்சில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மேசை நாற்காலிக்கு ‘மெப்ள்’ என்று பெயர். நகரக்கூடியது என்று அர்த்தம். கட்டடத்துக்கு ‘இம்மெப்ள்’, நகராதது. பழைய நோத்தேர் பத்திரங்களில் இந்த வார்த்தையைப் பார்த்திருப்பீர்கள். சுவரோடு அறைந்துவிட்ட அலமாரி எனக்கு மெப்ள் இல்லை. அது இன்னொரு சுவர்.

பக்கத்து பிளாக்கில் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வீடு திரும்பினார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே சக்கர நாற்காலி திரும்பவில்லை. அலமாரியை உடைத்து எடுத்தார்கள், சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்தது. உள்ளே பார்த்தால் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. நம் கடற்கரை ஈரத்தில் அது உப்பிவிடும். உப்பினால் திருகாணி பிடிக்காது.

நாங்கள் செய்தது எளிது. பழைய தேக்கு ஆர்முவாரில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டு பிரம்பு நாற்காலிகளுக்குப் புதிதாகப் பின்னல் போட்டோம். கைப்பிடி வைத்த நாற்காலி, இருக்கை 18 அங்குல உயரம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது முக்கியம். ஒரு மடக்கு மேசை, ஒரு மடக்குக் கட்டில். சில்லறைச் சாமான்கள் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் கிடைத்தன. சுவருக்கு வெள்ளை. பெயின்ட் கூலியோடு மொத்தம் 38,000 ரூபாய்.

பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்தால் மேசையை மடக்கிப் பால்கனியில் வைத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரிக்கிறோம். எட்டுப் பேர் படுக்கிறார்கள்.

ஊஞ்சல் ஒன்றுதான் மாட்ட முடியவில்லை. கூரையில் கொக்கி போட அடுக்குமாடிச் சங்கம் விடவில்லை. என் மனைவிக்கு அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை.