வயிற்றோடு நிற்காத சொல்

'சகோதரன்' என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன் மட்டுமே. ஊரார் எல்லாரையும் அப்படி அழைப்பது பொருள் தெரியாத பேச்சு என்று வாதிடுவோர் உண்டு. சொல்லைப் பிரிப்பதில் அவர்கள் தவறவில்லை. 'சஹ' என்றால் கூட. 'உதரம்' என்றால் வயிறு. சரி.

வேர் அதுதான் என்பதால் பொருளும் அங்கேயே நின்றுவிட வேண்டுமா? எள்ளின் நெய்தான் எண்ணெய். கொச்சியில் தேங்காய் எண்ணெயில் பொரித்த மீனை அதற்காக யாரும் தள்ளிவைப்பதில்லை.

உடன்பிறப்பு என்றாலே ரத்தம்தான் என்பது அடுத்த வாதம். சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் நமக்கு அண்ணன் தம்பி. அத்தை மகனும் மாமன் மகனும் மச்சான். ரத்த நெருக்கம் இரு பக்கமும் ஒன்றுதான். பிரிப்பது மணமுறை. வயிற்றுக் கணக்கையே பிடித்துக்கொண்டால் பரதன்கூட இராமனுக்குச் சகோதரன் ஆகமாட்டான். கம்பனின் இராமனோ குகனை ஐந்தாமவனாகச் சேர்த்துக்கொண்டு, வீடணனில் ஏழு என்று எண்ணி முடிக்கிறான்.

'அதெல்லாம் அலங்காரம்' என்பார்கள். இதற்குப் பதில் கொச்சிப் பக்கமே இருக்கிறது. 1917 மே 29 அன்று, வைப்பின் தீவின் செறாயியில், ஈழவச் சாதியைச் சேர்ந்த கே. அய்யப்பன், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்த புலையரோடு ஒரே பந்தியில் உட்காரும் மிச்ரபோஜனத்தை நடத்தினார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்த கறி. விருந்து என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பந்தி கலைந்ததும் ஊர் கொதித்தது. சொந்தச் சாதியாரே அவரை விலக்கிவைத்தார்கள். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அவரோ அந்தப் பெயரைத் தட்டாமல் ஏற்றுக்கொண்டார்.

அதோடு விடவில்லை. சகோதர சங்கம் கண்டார். மட்டாஞ்சேரியிலிருந்து 'சகோதரன்' என்ற பத்திரிகையையும் தொடங்கினார். அது 1956 வரை வந்தது. பத்திரிகையின் பெயரே பிறகு அவர் பெயருக்கு முன்னொட்டாயிற்று. கொச்சி அரசில் அமைச்சரானபோதும் அவர் சகோதரன் அய்யப்பன்தான்.

செறாயியில் அன்று எதிர்த்தவர்கள் யாரும் 'உதரம் என்றால் வயிறு' என்று இலக்கணம் பேசவில்லை. புலையரும் சகோதரரே என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினார்கள். அதனால்தான் விலக்கினார்கள். வெறும் அலங்காரப் பேச்சுக்கு எந்த ஊரும் ஆளைத் தள்ளிவைக்காது.