புத்ராஜெயா அழகுதான், ஆனா அங்க முன்னாடி இருந்தவங்க?

போன ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப நம்ம தொண்டூழியர்களுக்குள்ள ஒரு வாக்குவாதம். மகாதீர் புத்ராஜெயாவைக் கட்டினது சரியா தப்பா? ஒரு தம்பி "வீண் செலவு"ன்னாரு. இன்னொரு அண்ணன் "அதைக் கட்டலன்னா கோலாலம்பூர் ஜாம் இன்னும் மோசமா இருக்கும்"னாரு. நான் அப்ப வாயைத் திறக்கல. யோசிச்சு இங்க எழுதறேன்.

இது பழைய சண்டை. 1997, 98-ல ரிங்கிட் விழுந்து கிடந்த நேரம். எங்க ஃபேக்டரியில ஓவர்டைமே இல்ல. இந்த நேரத்துல இவ்வளவு பெரிய நகரம் தேவையான்னு அப்பவே கேட்டாங்க. ஆனாலும் வேலை நடந்துச்சு. 1999-ல பிரதமர் அலுவலகம் அங்க போச்சு. 2001 பிப்ரவரி 1-ல கூட்டரசுப் பிரதேசம் ஆச்சு. செலவு விஷயத்துல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அதை நான் மறுக்கல.

ஆனா ரெண்டு பேருமே ஒரு கேள்வியை விட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த மண்ணுல யாரு இருந்தா?

அது வெறும் காடு இல்லீங்க. பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்கள். நம்ம சனங்க பால் வெட்டின இடம். பிராங் பெசார் பேரை வச்ச பி.பி. ரப்பர் ரகங்களை வெளிநாட்டுலயும் நடுறாங்க. மரத்துக்குப் பேர் நின்னுச்சு. வெட்டின கைக்கு? டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி. வீடே குடுக்கலன்னு சொல்லல. குடுத்த வீட்டுச் சுவர்ல வெடிப்பு. தரை வீடு எங்கன்னு அந்த மக்கள் 20 வருஷத்துக்கு மேல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சின்னப் பிள்ளையா அங்க போனவங்க கல்யாணம் ஆகி பிள்ளை பெத்துட்டாங்க.

ஃபேக்டரியில ஒரு மெஷினை இடம் மாத்தணும்னா, போற இடத்துல கரண்ட் இருக்கா, தளம் தாங்குமான்னு பார்த்துட்டுத்தான் போல்ட்டைக் கழட்டுவோம். மெஷினுக்குக் குடுக்குற மரியாதையை மனுஷனுக்கும் குடுக்கணும். எந்தத் தலைவர் எதைக் கட்டினாலும், முதல் கல் வைக்கறதுக்கு முன்னாடி நாம கேட்கவேண்டியது இதுதான்: இங்க இருக்கிறவங்க எங்க போவாங்க? அது எழுத்துல இருக்கா?

எழுத்துன்னு ஏன் சொல்றேன்னா, நான் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்கு மேனேஜர் வாயால "இடம் உங்களுக்குத்தான்"னு சொன்னாரு. தாத்தா கையெடுத்துக் கும்பிட்டு நம்பினாரு. தோட்டம் கை மாறினதும் புது ஆளு கேட்டது ஒரே வார்த்தை: "பேப்பர் எங்க?" அம்மனைத் தலையில தூக்கிக்கிட்டு வெளியேறின கூட்டத்துல நானும் ஒருத்தன்.

அரசாங்கத்தைக் கேட்கறது சரி. நம்மையும் கேட்டுக்கணும். ராஜகோபுரத்துக்கு உபயம் சேர்க்க ஓடுறோம். கோயில் நிலத்துக்குக் கிராண்ட் யார் பேர்ல இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? வர்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துல நான் எழுந்து இதைத்தான் கேட்கப்போறேன். நீங்களும் வாங்க. நிர்வாகத்து மேல குறை சொல்ல இல்ல. நம்ம பேரப்பிள்ளைங்க அம்மனைத் தூக்கிக்கிட்டு நடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தவறா எழுதியிருந்தா மன்னிக்கவும். ஓம் சக்தி.