கொரியா எவ்வளவு தூரம்?



ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் கொரியாவுக்குப் போய் வருகிறார்கள். "எவ்வளவு தூரம்?" என்று வீட்டில் கேட்டால், போனைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறோம். சென்னையிலிருந்து சியோலின் இஞ்சியோன் விமான நிலையம் சுமார் 5,300 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம் இது. இதை மட்டும் நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள் என்பது என் கருத்து.

பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. பறக்கும். வகுத்துப் பார்த்தால் ஆறு மணி நேரம். ஏற, இறங்க என்று ஏழு வைத்துக்கொள்வோம். ஆனால் பலரும் நடுவில் மாறித்தான் போகிறார்கள். சிங்கப்பூர் வழியாகப் போனால் மொத்தம் ஏறக்குறைய 7,500 கி.மீ. ஆகிவிடும். அங்கே காத்திருக்கும் நேரம் தனி.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11 மணிக்குக் கிளம்பி மறுநாள் மதியம் 3 மணிக்கு இறங்கினால் பயணம் 16 மணி நேரம் அல்ல, பன்னிரண்டரை. திரும்பி வரும்போது மூன்றரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி தரைக்கு வருவோம். ஒரகடத்திலிருந்து மீனம்பாக்கம் சுமார் 35 கி.மீ. விமான வேகத்தில் அது இரண்டரை நிமிடம்கூட இல்லை. கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் அடைத்து நிற்கும் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. அதற்கு மேல், வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும்.

பரந்தூர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். 2022-ல் அந்த இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் வயலையும் ஏரியையும் காக்கப் போராடி வருகிறார்கள். புது விமான நிலையத்தால் சியோல் ஒரு கிலோமீட்டர்கூட உருப்படியாகக் குறையப் போவதில்லை. குறைவது வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரம்தான். அதற்கு ரயில் போதுமே! இத்தனை தொழிற்சாலைகள் இருந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு ரயில் நிலையம் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை போடும் பேச்சு பல வருடமாகப் பேச்சாகவே இருக்கிறது. அதை முதலில் கேட்போம். அடுத்தவர் நிலத்தைக் கேட்பதைப் பிறகு யோசிக்கலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம், எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நாலாயிரம் ஐயாயிரம் மிச்சம் பிடிக்க, முழங்கால் வலியோடு அவர்களை நடுராத்திரியில் தெரியாத ஊரில் கேட் கேட்டாக நடக்கவிடாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.