காகிதத்தில் 18, ரோட்டில் 12!

கரிசல் சீமையிலும் பெரிய கார்கள் பெருகிவிட்டன. ஓட்டப்பிடாரத்திலும் கோவில்பட்டியிலும் "எஸ்.யு.வி." என்னும் உயரமான கார்களை இப்போது பார்க்கலாம். அவற்றில் பல, "டர்போ" என்ஜின் பொருத்தியவை.

வாங்கியவர்களில் பலருக்கு ஒரு குறை உண்டு. "லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றார்கள். 12 தான் கிடைக்கிறது. ஏமாந்துபோனோம்" என்கிறார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, 18 கிடைத்தால் 56 லிட்டர் போதும். 12 தான் கிடைத்தால் 83 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 2,700 ரூபாய் கூடுதல் செலவு. ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவு அதில் அடங்கிவிடும்.

ஏன் இந்த வித்தியாசம்?

சோதனை எப்படி?

விளம்பரத்தில் வரும் "மைலேஜ்" ரோட்டில் அளந்தது அல்ல. சோதனைக் கூடத்தில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கிறார்கள். வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. அங்கே எதிர்காற்று இல்லை. குண்டும் குழியும் இல்லை. கூரைமேல் மூட்டையும் இல்லை.

ஆகவே அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது நம் ரோட்டின் எண்ணும் அல்ல.

டர்போ என்றால் என்ன?

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை வீணாகப் போகிறது. அந்தப் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவிதான் டர்போ. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி, 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். மெதுவாக மிதித்தால், சிறிய என்ஜின் போல் சிக்கனமாக ஓடும். அழுத்தி மிதித்தால், பெரிய என்ஜின் போல் குடிக்கும். உழைப்புக்கு ஏற்ற கூலி கேட்கும் ஆள் அது!

காற்றும் கனமும்

உயரமான கார், காற்றை விலக்கிக்கொண்டு போகவேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள காற்றுத் தடை, 120-ல் இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். மதுரை-தூத்துக்குடி நால்வழிச் சாலையில் பறப்பவர்கள் இதை நினைக்கவேண்டும். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றும் மேல்காற்று, மேற்கே போகும் காரையும் பின்னுக்குத் தள்ளும்.

டயரில் காற்று குறைந்தால் செலவு. மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பினால் செலவு. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டால் செலவு. நிறுத்திய காரில் என்ஜினை ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், ஓடிய தூரம் பூஜ்யம். செலவு மட்டும் உண்டு. ஒரு கிலோமீட்டர் தூரக் கடைக்குக் காரை எடுத்தால், என்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். குளிர்ந்த என்ஜின் அதிகம் குடிக்கும்.

இன்னொன்று எத்தனால். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் இது, 2025-ல் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை கலக்கும் நிலை வந்தது. இதனால் விவசாயிக்கு நன்மை உண்டு. ஆனால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனாலும் ஓடும் தூரம் சற்றுக் குறையும்.

என்ன செய்யவேண்டும்?

விற்பவர்கள் ஒரே எண்ணைச் சொல்லி ஆசை காட்டக்கூடாது. ஊருக்குள் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு என்று இரண்டையும் சொல்லவேண்டும். சொல்லும்படி அரசு செய்யவேண்டும். மருந்துப் புட்டியில் அளவு எழுதுவதுபோல, இதுவும் வாங்குகிறவரின் உரிமை.

வாங்கியவர்களும் கணக்குப் பார்க்கவேண்டும். டாங்கியை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 420 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் என்றால், விடை 12. வீட்டுப் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போடலாம். நான்கு முறை எழுதிவைத்தால் உண்மை தெரியும். எண் திடீரென்று குறைந்தால், காரைப் பழுதுபார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நம் பணம் அன்னியக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம். இன்று நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில், நூற்றுக்கு 85 பங்குக்குமேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

மிதிக்கும் காலை ஒரு விரற்கடை தளர்த்தினால், வீட்டுப் பணமும் மிஞ்சும். நாட்டுப் பணமும் மிஞ்சும்.